மாமி அளந்து வாங்கிய ஜீப்

எங்கள் வீட்டில் முதன்முதலாக வாகனம் வாங்கியவர் மாமிதான். அப்பாவின் மூத்த சகோதரி. பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்று, கல்யாணப் பேச்சு எதற்கும் பிடிகொடுக்காமல், கோப்பாயில் எங்களோடு இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் வழக்கமாக என்ன செய்வார்கள்? மூக்குக் கண்ணாடியை மாற்றுவார்கள். கனடாவில் இருக்கிற தங்கையிடம் ஒருமுறை போய்க் குளிரில் நடுங்கிவிட்டு வருவார்கள். சபையில் மாதர் சங்கத்துக்குத் தலைவியாகி மற்றவர்களின் நிம்மதியைக் கெடுப்பார்கள். எங்கள் மாமியோ, ஆமி கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்று வாங்கப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்குச் சொதி விட்டுக்கொண்டே அறிவித்தார்.

அப்பாவுக்குப் புரையேறியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஊரில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் வான் எடுத்தார்கள், ஓட்டோ எடுத்தார்கள். ஆமிச் சிப்பாய்கள் ஓடிய வாகனத்தைத் தேடிப்போய் வாங்க வேண்டும் என்று புத்தி சரியாக இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?" என்றார் அப்பா, தண்ணீர் குடித்து முடித்துவிட்டு. "பஸ் இருக்கு, ஓட்டோ இருக்கு, கூப்பிட்டால் வாசலுக்கு வருது. உந்தக் கண்டறியாத ஜீப் என்னத்துக்கு?"

"எல்லாம் இருக்குத்தான். தேவைப்படுற நேரத்திலை ஒண்டும் இராது," என்று சொல்லிவிட்டு மாமி கத்தரிக்காய்க் கறியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர் ஒரு விடையை எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டால் பிறகு அதை யாரும் அழிக்க முடியாது. அம்மாவுக்கு அது தெரியும். அம்மா எழுந்து போய்த் தயிர் எடுத்து வந்தார்.

அந்த மாதப் பாடசாலை விடுமுறையிலேயே ஜீப் பார்க்கப் போனோம். அநுராதபுரத்துக்கு இந்தப் பக்கமாக ஒரு முதலாளி, ஆமி கழித்த வாகனங்களை மொத்தமாக எடுத்து வந்து தன் வளவில் நிறுத்தி விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அப்பா, மாமி, அப்பாவின் சிநேகிதரான கராஜ்காரர், நான். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், வீட்டில் விட்டால் அண்ணையோடு அடிபடுவேன். பஸ்ஸில் மூன்று தரம் சத்தி எடுத்தேன். மாமி மூன்று தரமும் தயாராகப் பொலித்தீன் பை வைத்திருந்தார்.

வளவுக்குள் இருபது முப்பது வாகனங்கள் புல்லுக்குள் நின்றன. சிலதுக்குச் சில்லு இல்லை, சிலதுக்குக் கதவு இல்லை. கராஜ்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் புகுந்து எழும்பினார். ஒரு மணித்தியாலத்தில் தன் முடிவைச் சொன்னார். மூலையில் நின்ற குட்டை ஜீப்தான் எடுக்க வேண்டியது. எஞ்சின் நல்லது, சட்டத்தில் கறளோ துருவோ இல்லை, உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாம்.

மாமி தலையாட்டினார். பிறகு கைப்பையைத் திறந்து தையல் நாடாவை எடுத்தார்.

குட்டை ஜீப்பின் பின்பக்கத் தரையை அளந்தார். நாலடி சொச்சம். மாமி அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். அதையும் அளந்தார். அதுவும் சரிவரவில்லை. இப்படியே வரிசையாக அளந்துகொண்டு போக, கராஜ்காரரின் முகம் மாறத் தொடங்கியது.

"டீச்சர், ஜீப் எடுக்கிற ஆக்கள் எஞ்சினைப் பாப்பினம். நீங்கள் தரையை அளக்கிறீங்கள். உதிலை வீடே கட்டப்போறீங்கள்?"

மாமி நாடாவைச் சுருட்டிக்கொண்டு அப்பால் நடந்தார். வேலியோரம், முருங்கை மரத்தின் கீழ், ஒரு நீட்டு ஜீப் நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் ஆட்கள் குந்தியிருக்க நீளவாட்டில் வாங்குகள். நடுவில் வெறும் தரை. கண்ணாடியில் வெடிப்பு. எஞ்சின் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு கோழி அடைகிடந்தது. மாமி ஏறிக் குந்தி அளந்தார். நாடா அறுபது அங்குலத்தில் முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மீதியை அளந்தார்.

"ஆறடி ரெண்டங்குலம்," என்றார்.

அப்பா வெளியே போய் வீதியோரத்து மர நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெயில் தாங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அளவு மட்டும் மாமிக்குப் போதவில்லை. அங்கே நின்றவர்களில் உயரமானவர் கராஜ்காரர்தான். "தம்பி, குறை நினையாதேங்கோ, உதிலை ஒருக்கால் நீட்டி நிமிர்ந்து படுங்கோ," என்றார் மாமி. அந்த மனுசன் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் ஏறி, கோழி எச்சத்தை ஒதுக்கிவிட்டுப் படுத்தார். மாமி பின்கதவைச் சாத்தினார். கால் இடிக்கவில்லை. திரும்பத் திறந்தார். கதவைத் தனி ஆளாகத் தூக்கிச் சாத்த முடிகிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். முடிந்தது.

"டீச்சர், சும்மா சொல்லக்கூடாது, இது கிழட்டுச் சாமான்," என்று முதலாளியே சொன்னார். நல்ல மனிதர். "ஒங்களுக்கு நான் அந்தக் குட்டையத் தாறேனே."

"எனக்கு இதுதான் வேணும்," என்றார் மாமி. வாகனம் தெரிவு செய்த கதை அவ்வளவுதான். திரும்பி வரும்போது கராஜ்காரர் வவுனியா வரை சாரத்தில் ஒட்டிய கோழி எச்சத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஜீப்பைக் கராஜ்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார். மாமி கோப்பாய்ச் சந்திவரை போய் அதில் ஏறிக்கொண்டார், என்னையும் ஏற்றிக்கொண்டார். எங்கள் ஒழுங்கைக்குள் ஜீப் திரும்பியபோது எதிர்வீட்டு ஐயா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நெட்டையான கிழவர். ஆமிப் பச்சை மாறாத ஜீப்பைக் கண்டதும் சடாரென்று சைக்கிளை விட்டு இறங்கி, வேலியோடு ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும். மாமி ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். "ஐயா, நான்தான். ஏறிப் போங்கோ," என்றார். ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.

ஆமியின் பச்சை நிறத்தோடு மற்றவர்கள் ஓட்ட முடியாது, அது சட்டம். அது இல்லாவிட்டாலும் அந்த நிறத்தை வளவுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். சபை மண்டபத்து யன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய வெளிர்நீலப் பெயின்ற் இரண்டு வாளி கிடந்தது. போதகரிடம் கேட்டு அதை வாங்கி அப்பாவும் அண்ணையும் அடித்தார்கள். ஒரு மழைக்குப் பிறகு அங்கங்கே பச்சை எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார்.

மாமி கராஜ்காரரிடமே ஓட்டப் பழகி, முதல் தரத்திலேயே லைசென்சும் எடுத்தார். இனி ஜீப்பில் ஊர் சுற்றலாம் என்று நானும் அண்ணையும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் வாயில் மண்தான். ஜீப் எங்கும் போகாது. கோயிலுக்குப் போகாது, சந்தைக்குப் போகாது, மரவள்ளிக் கிழங்கு ஏற்றாது. படலையைப் பார்த்தபடி கொட்டிலுக்குள் நிற்கும். மூக்கு எப்போதும் ஒழுங்கைப் பக்கம் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் மட்டும் மாமி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பாகத் தூரம் முன்னுக்கும் இரண்டு பாகம் பின்னுக்கும் எடுத்து, எண்ணெய் பார்த்து, துடைத்து நிறுத்துவார். நாங்களும் அதே நேரத்தில் கிணற்றடியில் நல்லெண்ணெய் வழிய நிற்போம். டீச்சரின் ஜீப்பும் சனி முழுக்குப் போடுகிறது என்று ஒழுங்கை முழுக்கப் பகிடி.

ஜீப்பின் உள்ளே ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. மழைக்கு விரிக்கிற படங்கு, கயிறு, மண்ணெண்ணெய் அடுப்பு, மெழுகுதிரி, இரண்டு கான் தண்ணீர். நடுத்தரையில் ஒரு மெல்லிய மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. விரிப்பும் கிழமைக்கு ஒருமுறை மாறும். "ஆரும் படுக்காத விரிப்பைத் தோய்க்கிற வீடு உலகத்திலை எங்கடை வீடு ஒண்டுதான்," என்று அம்மா சவர்க்காரத்தோடு கதைப்பார். மெத்தையின் தலைமாட்டில், படுத்திருந்தபடியே கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில், ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சதுரப் பிஸ்கற் டின்னும் இருக்கும். அந்த டின்னின் மூடியை மாமி ஒருபோதும் அமுக்கி மூடமாட்டார். மேலே சும்மா வைத்திருப்பார். எறும்பு வருகிறது என்று அம்மா ஒருநாள் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தபோது மாமி போட்ட சத்தம் கோப்பாய்ச் சந்திக்குக் கேட்டிருக்கும். அம்மாவோடு மாமி சத்தம் போட்டது அந்த ஒரே தரம்தான்.

மாதத்தில் ஒருநாள் ஒத்திகை நடக்கும். பாடசாலையிலிருந்து பிரியாவிடையின்போது மாமிக்கு ஒரு பித்தளைக் கைமணி கொடுத்திருந்தார்கள். மாமி முற்றத்தில் நின்று அதை அடிப்பார். பத்து நிமிடத்துக்குள் வீட்டில் உள்ள எல்லோரும் ஜீப்பில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு பொறுப்பு. அம்மா காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பை. அண்ணை இன்னும் இரண்டு கான் தண்ணீர். நான் வேதாகமமும் இரண்டு பேட்டுக் கோழிகளும். வேதாகமம் மேசையில் இருக்கும், பிரச்சினை இல்லை. கோழிகள் அப்படியா? ஒன்றைப் பிடித்துக் கூடைக்குள் போட்டால் மற்றது மாமரத்தில் நிற்கும். மாமி ஸ்டியரிங்கில் இருந்தபடி திரும்பி, விரலை நீட்டி எண்ணுவார்.

"ஒண்டு குறையுது."

"மாமி, அது கோழி மாமி."

"கோழியெண்டால்? ஆரையும் விட்டிட்டுப் போறேல்லை. இறங்கிப் பிடிச்சுக்கொண்டு வா."

எல்லாவற்றுக்கும் முணுமுணுக்கிற அப்பா இந்தக் கூத்துக்கு மட்டும் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. மணி அடித்தால் முதல் ஆளாக ஏறி முன்சீற்றில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொள்வார். பத்து நிமிடமும் ஒரே பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அண்ணை கண்டுபிடித்துச் சொன்னான். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

எனக்கிருந்த ஒரே மனத்தாங்கல் அந்த மெத்தைதான். நாங்கள் வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு குந்தியிருக்க, நடுவில் ஆறடி இரண்டங்குலம் சும்மா கிடந்தது. கால்விரல் பட்டாலும் மாமி கண்ணாடியில் பார்த்துவிடுவார்.

"இது ஆருக்கு மாமி?"

"ஒராளுக்கு."

"எந்த ஆளுக்கு?"

"வாற ஆளுக்கு," என்று சொல்லிவிட்டு மாமி எஞ்சினை நிறுத்தினார்.

நான் யோசித்தேன். வரப்போகிறவர் என்று ஓய்வுநாள் பாடசாலையில் எனக்குச் சொல்லித்தந்திருந்தது ஒரே ஒருவரைப் பற்றித்தான். வெள்ளை விரிப்பு, ஆயத்தமாக இருத்தல், எந்த நேரத்தில் என்று ஒருவருக்கும் தெரியாது, மணி அடிக்கும். எல்லாம் பொருந்தியது. நீண்ட பயணம் செய்து களைத்து வருகிறவருக்குத் தலைமாட்டில் தண்ணீரும் பிஸ்கற்றும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், இயேசுநாதர் ஆறடி இரண்டங்குலம் உயரம் என்றும், அவர் இரண்டாம் வருகையில் எங்கள் ஜீப்பில்தான் போவார் என்றும் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பு எடுத்த அக்கா பிறகு போதகரிடம் சொல்ல, போதகர் அப்பாவிடம் சொல்ல, அப்பா சிரிக்கவில்லை.

ஆனால் அந்தப் பிஸ்கற் என்னைப் பாவத்தில் விழுத்தியது. நடுவில் கிரீம் வைத்த பிஸ்கற். மூடியோ சும்மா கிடக்கிறது. முதலில் ஒன்று எடுத்தேன். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தவருக்கு ஒரு பிஸ்கற் குறைவது ஒரு பொருட்டா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று. மாமி சனிக்கிழமைகளில் டின்னைத் தூக்கித் துடைப்பார், பாரம் குறைந்தால் பிடிபட்டுவிடும். அதனால் ஒழுங்கை திருத்தக் கொட்டியிருந்த சல்லிக்கல்லைப் பொறுக்கி, கிலுங்காமல் இருக்க மாமியின் பழைய கணக்கு வினாத்தாள்களில் சுற்றி அடியில் வைத்தேன். மேலே ஒரே ஒரு அடுக்குப் பிஸ்கற்றை மட்டும் விட்டேன். மாரி தொடங்கும்போது டின் முக்கால்வாசி கல்லாகிவிட்டது. இரவில் செபம் சொல்லும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன்.

அந்த வருட மாரி விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். நாங்கள் பாடசாலை இல்லை என்ற மகிழ்ச்சியில் கடதாசித் தோணி விட்டுக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அக்கா, ஐயாவின் மகள், வெள்ளத்தை உழக்கிக்கொண்டு அழுதபடி ஓடி வந்தார். ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு இல்லை. ஓட்டோக்காரர் எல்லோருக்கும் போன் அடித்துப் பார்த்தாயிற்று, மதகடியில் வெள்ளம் இழுக்கிறது, உள்ளே வரமாட்டோம் என்கிறார்களாம்.

"டீச்சர், உங்கடை ஜீப்..." என்றார் அந்த அக்கா. அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஜீப் எங்கும் போகாது என்பது ஊருக்கே தெரியும்.

மாமியின் முகம் சுவர் வெள்ளையாகிப் போனது. பிறகு உள்ளே போய்க் கைமணியை எடுத்து வந்து, மழையில் நின்று அடித்தார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் ஐயா ஒருவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கைகாலுக்குப் பழகிப்போயிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உறுதிப் பையோடு ஓடினார். அண்ணை தண்ணீர்க் கானோடு ஓடினான். அப்பா சாரத்தோடு, பத்திரிகையோடு, முன்சீற்றில். நான் வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கி நின்ற இரண்டு கோழிகளையும் ஒரே அமுக்காக அமுக்கிக் கூடைக்குள் போட்டேன். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு கோழியும் குறையவில்லை.

சனி முழுக்கு வீண்போகவில்லை. எஞ்சின் ஒரே உதையில் பிடித்தது. மூக்கு ஒழுங்கைப் பக்கம் இருந்ததால் திருப்ப வேண்டியிருக்கவும் இல்லை. அப்பாவும் அண்ணையும் ஐயாவைக் கட்டில் விரிப்போடு தூக்கி வந்து மெத்தையில் கிடத்தினார்கள். அந்த நெட்டை மனுசன் தலையிலிருந்து கால்வரை அளவெடுத்ததுபோல் அதில் பொருந்திக் கிடந்தார். எதிர்வீட்டு அக்கா தலைமாட்டில் இருந்து அவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரின் முழங்கை பிஸ்கற் டின்னில் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஐயா பிழைப்பாரா என்ற கவலையே இல்லை. டின் கவிழ்ந்தால் என் கதை முடிந்தது என்பதுதான் கவலை. மூடியின்மேல் என் கையை வைத்துக்கொண்டு, "கர்த்தாவே, இதைத் திறக்கவிடாதேயும்," என்று வழி முழுக்க மன்றாடினேன். நான் ஐயாவுக்காகச் செபிக்கிறேன் என்று நினைத்து அந்த அக்கா என் தலையைத் தடவினார்.

மதகடியில் தண்ணீர் கதவின் கீழ் இடுக்கால் உள்ளே கசிந்தது. ஜீப் ஒருபக்கம் சரிந்தது. மாமி நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "போறம் ஐயா. விட்டிட்டுப் போகேல்லை. கொண்டுதான் போறம்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டார். அவரின் கை மாமியின் தோளில் இருந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரியாஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலோடு ஓடி வந்தவர்கள், நோயாளிக்குப் பின்னால் உறுதிப் பையும் தண்ணீர்க் கானும் கோழிக் கூடையுமாக இறங்கிய எங்களைப் பார்த்து, எந்த ஊரில் என்ன நடந்துவிட்டது என்று கேட்டார்கள். அப்பா, ஒன்றும் இல்லை, சும்மா வந்தோம் என்றார். மத்தியானம் டொக்டர் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள், ஆள் தப்பிவிட்டார் என்றார். எதிர்வீட்டு அக்கா மாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமி அசையாமல் நின்றார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன், எனக்கு அன்று தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை அப்பா சொன்னது நான் திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு.

எங்கள் அப்பப்பா, அப்பாவின் அப்பா, ஆறடிக்கு மேல் உயரம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். ஊர் முழுவதும் ஒரே இரவில் எழும்பிப்போன அந்தப் பெரிய இடப்பெயர்வின்போது வீட்டில் இருந்தது மாமியும் அப்பாவும் இரண்டு சைக்கிள்களும். ட்ராக்டர் பெட்டிகளை மறித்து மறித்துக் கேட்டார்களாம். குந்தியிருக்கக்கூடிய ஆட்களுக்குத்தான் இடம், நீட்டிப் படுக்கிற ஆளுக்கு இடமில்லை என்றுவிட்டார்களாம். நீங்கள் போங்கோ பிள்ளையள் என்று அப்பப்பாவே சொன்னாராம். இரண்டு நாளில் வண்டியோடு வருகிறோம் என்று சொல்லி, கட்டிலருகே கைக்கெட்டுகிற இடத்தில் தண்ணீரும் ஒரு டின் பிஸ்கற்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எறும்பு ஏறிவிடக்கூடாது என்று மாமிதான் டின்னின் மூடியை நாலு மூலையிலும் உள்ளங்கையால் குத்தி இறுக்கியிருக்கிறார். இரண்டு நாள் ஆறு மாதமானது. திரும்பி வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. யாரோ புண்ணியவான் கிணற்றடியில் அடக்கம் செய்திருந்தார். தண்ணீர்ச் செம்பு காலி. பிஸ்கற் டின்னின் விளிம்பைச் சுற்றி நகத்தால் சுரண்டிய அடையாளம் இருந்ததாம். மூடி திறபடவில்லை.

அப்பா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இனி அந்த மாரி நாளுக்கு வருகிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மாமி ஜீப்பைக் கொட்டிலுக்குள் நேரே கொண்டுபோய் நிறுத்தினார். முதல் தரமாக அதன் மூக்கு வீட்டைப் பார்த்தது. நாங்கள் இறங்கப் போனோம். "பொறுங்கோ," என்றார் மாமி. "விடியத்திலை இருந்து ஒருத்தரும் ஒண்டும் சாப்பிடேல்லை. பசிக்கும்." எழும்பிப் பின்னால் வந்து, மெத்தையில், எங்கள் கால்விரலும் படக்கூடாத அந்த மெத்தையில், ஐயாவின் வியர்வை ஈரம் காயாத விரிப்பின்மேல் உட்கார்ந்து, டின்னை மடியில் எடுத்தார்.

மேல் அடுக்கில் ஆளுக்கொன்று வந்தது. இரண்டாம் தரம் கையை விட்டபோது வினாத்தாள் வந்தது. மாமி அதை விரித்தார். சல்லிக்கல் விழுந்தது. இன்னொன்றை விரித்தார். இன்னொரு கல்.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அம்மாவின் கை ஓங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் மாமி," என்று அழத் தொடங்கினேன். "கொஞ்சம் கொஞ்சமா எடுத்தனான். இனி எடுக்கமாட்டன்."

மாமி என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த மூடியைப் பார்த்தார்.

"நீயே திறந்தனீ?"

"ஓம்."

"மூடி இறுக்கமா இருக்கேல்லையோ?"

இது என்ன கேள்வி என்று விளங்கவில்லை. பொய் சொன்னால் இன்னும் அடி விழும் என்பது மட்டும் விளங்கியது. "இல்லை மாமி. சும்மா தொட்டவுடனை திறந்தது."

"உந்தச் சின்னக் கையாலையோ?"

"ஓம் மாமி. ஒரு கையாலை."

மாமி என் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து நகங்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, முப்பது வருடம் பிள்ளைகளை அழவைத்த கணக்கு டீச்சர், வாய்விட்டு, குழறி அழுதார். அப்பாவும் அழுதார். அம்மா ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு எங்களை இறங்கச் சொன்னார்.

நான் கோழிக் கூடையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு டின் பிஸ்கற்றுக்காகப் பெரிய மனுசர் இரண்டு பேர் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குக் காசு சேர்த்து வைத்திருந்த உண்டியலை உடைத்து, நாளைக்கே கடைக்குப் போய், அதே கிரீம் பிஸ்கற் வாங்கி வந்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை என்னைப்போல ஒருவரும் களவெடுக்காமல், மூடியை நன்றாக இறுக்கி வைத்துவிட வேண்டும்.